தவணையில் வாங்கிய செல்போன் பழுதானால்...

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி பற்றியோ, பூச்சி மருந்து பற்றியோ உங்களோடு பேசுவேன். இன்று பேசப் போவது செல்போனைப் பற்றி. "வேளாண்மை ஆபீசருக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. மானியத்துக்குப் பதிவு செய்வது ‘உழவன்’ செயலியில். பி.எம். கிசான் பணத்துக்குச் சரிபார்ப்பு எண் வருவது செல்போனில். விடியற்காலை மார்க்கெட்டில் பூ என்ன விலை என்று கேட்பதும் அதில்தான். சில தோட்டங்களில் மோட்டார் போடுவதும் நிறுத்துவதும்கூட அதிலேயே நடக்கிறது. ஆகவே மண்வெட்டி, கதிர் அரிவாள் போல அதுவும் நமக்கு ஒரு விவசாயக் கருவி. கருவி பழுதானால் வேலை நிற்கும். தவணையில் வாங்கிய கருவி பழுதானால் வேலையும் நிற்கும், கடனும் நிற்காமல் ஓடும். அதுதான் இன்றைய சங்கதி.

எங்கள் வட்டாரத்தில் மல்லிகை போட்டிருக்கும் ஒரு விவசாயி. பெயர் வேண்டாம். 15,000 ரூபாய்க்கு ஒரு செல்போன் வாங்கினார். கையிலிருந்து 3,000 கட்டினார். மீதி 12,000 ரூபாய்க்குக் கடையிலேயே உட்கார்ந்திருந்த கடன் நிறுவனத்து ஆள் கடன் எழுதிக் கொடுத்தார். மாதம் 1,500 வீதம் 8 தவணை. இரண்டாம் மாதமே போன் சூடேறித் தானாக அணைய ஆரம்பித்துவிட்டது. சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் "சாஃப்ட்வேர் போட்டாச்சு, இனிமே சரியாப் போகும்" என்று கொடுத்தார்கள். நான்கு நாளில் பழைய குருடி கதவைத் திறடி.

ஒரு நாள் வயலில் என்னிடம் புலம்பினார். "ஓடாத போனுக்கு மாசா மாசம் பணம் புடிக்கிறான் சார். என்ன சார் பண்றது?" என்றார். நானும் பெரிய யோசனை சொல்பவன் மாதிரி, "தவணையை நிறுத்துங்கண்ணே. தன்னால வழிக்கு வருவாங்க" என்றேன். அவர் என் பேச்சை நம்பி, வங்கிக் கணக்கில் பணம் வைப்பதை நிறுத்திவிட்டார்.

யாரும் வழிக்கு வரவில்லை. வசூல் ஆள்தான் வந்தார். நான்கு தவணை பாக்கி 6,000 ரூபாய், அபராதமும் சேர்ந்து 9,000-ஐத் தாண்டியது. ஒரு வருஷம் கழித்துக் கறவை மாடு வாங்க வங்கிக்குப் போனபோது, ‘தவணை தவறியவர்’ என்று கடன் அறிக்கையில் இருப்பதைக் காட்டி மனுவைத் திருப்பிவிட்டார்கள். தப்பான யோசனை சொன்னவன் நான், நஷ்டப்பட்டவர் அவர். அதன் பிறகுதான் சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தேன். படித்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

மூன்று பேர், இரண்டு ஒப்பந்தம்

கடையில் ஒரே மேஜையில் எல்லாம் முடிந்துவிடுவதால் எல்லாம் ஒரே வியாபாரம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் நம் எதிரே மூன்று பேர் இருக்கிறார்கள். போனைத் தயாரித்த கம்பெனி ஒன்று. விற்ற கடை ஒன்று. கடன் கொடுத்த நிறுவனம் ஒன்று. ஒப்பந்தமோ இரண்டு. பொருளை வாங்கும் ஒப்பந்தம் கடையோடு. கம்பெனியின் வாரண்டி அதோடு சேர்ந்து வருகிறது. பணத்தைத் திருப்பிக் கட்டும் ஒப்பந்தம் கடன் நிறுவனத்தோடு.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கைமாற்று வாங்கிச் சந்தையில் மாடு பிடிக்கிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாடு நொண்டுகிறது. "மாடு நொண்டி, ஆகவே உன் பணம் கிடையாது" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல முடியுமா? முடியாது. மாட்டை விற்றவனைத்தான் பிடிக்க வேண்டும். செல்போன் கடனும் இப்படித்தான். பொருள் பழுது என்ற காரணத்துக்காகத் தவணையை நாமாக நிறுத்த நம் சட்டத்தில் இடமில்லை.

சில நாடுகளில் ஏற்பாடு வேறு. இங்கிலாந்தில் தொலைபேசிக் கம்பெனியே போனைக் கொடுத்து, மாத வாடகையோடு சேர்த்து வசூலிக்கும் ஒப்பந்த முறை பரவலாக உண்டு. 100 பவுனுக்கு மேல் 30,000 பவுன் வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையில் வாங்கிப் பழுதாகிப் போனால், விற்றவரோடு கடன் கொடுத்தவரும் பொறுப்பு என்று அங்கே 1974-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் இதைக் கேட்டுவிட்டு, "பேங்க்கைக் கேளு" என்று உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். அது அந்த ஊருக்குச் சரி. இந்தியாவில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

ஆகவே முதல் பாடம் இது: தவணையை நிறுத்தாதீர்கள், புகாரையும் நிறுத்தாதீர்கள். இரண்டும் இரண்டு மாடு. இரண்டையும் தனித்தனியாகத்தான் ஓட்ட வேண்டும்.

சட்டத்தின் பார்வையில் நீங்கள் யார்?

"முழுப் பணமும் கட்டலையே, எனக்கு உரிமை உண்டா?" என்று கேட்பவர்கள் பலர். உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். பணம் முழுவதும் கட்டியவரும், கொஞ்சம் கட்டி மீதிக்கு வாக்குக் கொடுத்தவரும், தவணை முறையில் வாங்கியவரும் நுகர்வோரே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வாங்கியவரின் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். ஆகவே பில் மகன் பெயரில் இருந்து, போன் அம்மா கையில் இருந்தாலும் கவலையில்லை.

"நீ பூ வியாபாரத்துக்குத்தானே போனை வச்சிருக்கே, நீ நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு மடக்கப் பார்க்கலாம். அதற்கும் பதில் உண்டு. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று சட்டம் தள்ளிவிடவில்லை. விதை விஷயத்தில் இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குறையுள்ள விதை வாங்கிய விவசாயி நுகர்வோரே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதைக்கு உள்ள நியாயம் போனுக்கும் உண்டு.

கடையிலேயே செய்ய வேண்டியவை

விதை வாங்கும்போது பில்லையும், சான்று அட்டையையும், காலிப் பையையும் பத்திரமாக வையுங்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறோம். முளைப்பு பொய்த்தால் அவைதான் சாட்சி. செல்போனுக்கும் அதே விதிதான்.

ஒன்று, பில். சீட்டில் கிறுக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கடையின் பெயர், தேதி, மாடல், விலை, ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஐ.எம்.இ.ஐ. என்பது 15 இலக்க எண். மாட்டுக் காதில் போடும் தோடு எண் மாதிரி ஒவ்வொரு போனுக்கும் தனி எண். போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். பெட்டியில் இருப்பதும், பில்லில் இருப்பதும், திரையில் வருவதும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இரண்டு, வாரண்டி அட்டை. போனுக்கு ஒரு வருஷம் என்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் சார்ஜர் போன்றவற்றுக்கு அதைவிடக் குறைவாக இருக்கலாம். அட்டையில் உள்ளதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கூடுதல் வாரண்டி, காப்பீடு என்று தனியாக ஏதாவது பணம் பிடித்திருந்தால் அதற்கும் தனி ரசீது வேண்டும்.

மூன்று, கடன் பத்திரம். 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட சில்லறைக் கடன்களுக்கெல்லாம் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன்காரரிடம் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டி, கட்டணம், அபராதம், மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுவோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். "வட்டியே கிடையாது, சீரோ பெர்சென்ட்" என்று போர்டு வைத்திருந்தாலும் அதைப் பாருங்கள். வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் ஒளிந்திருக்கும் என்ற கருத்தில் ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளை எச்சரித்திருக்கிறது.

பழுது தெரிந்தவுடன்

முதலில் அது போனின் பழுதுதானா என்று பாருங்கள். பேச்சு விட்டுவிட்டுக் கேட்டால், உங்கள் சிம்மை வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் குறை டவரில். அதற்குச் சிம் கம்பெனியின் புகார் எண்ணான 198-க்குப் பேச வேண்டும். வேறு போனில் நன்றாகக் கேட்டால் குறை உங்கள் போனில்.

அடுத்தது முக்கியம். தெருமுனைக் கடையில் கொடுத்துத் திறந்துவிடாதீர்கள். கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யாராவது திறந்தால் வாரண்டி செல்லாது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். தண்ணீர் பட்டது, கீழே விழுந்து உடைந்தது ஆகியவற்றுக்கும் வாரண்டி இருக்காது. பல போன்களுக்குள் ஒரு சிறு வெள்ளை ஒட்டுத்தாள் இருக்கிறது. ஈரம் பட்டால் அது சிவந்துவிடும். மடியில் போனைச் செருகிக்கொண்டு மடை திறக்கிறவர்கள், மருந்து அடிக்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். ஒரு பாலித்தீன் உறை போதும்.

சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கொடுத்ததற்கு ஒரு வேலைச் சீட்டு தருவார்கள். அவர்கள் பேச்சில் ஜாப் ஷீட். நம் வழக்குக்கு உயிர்நாடியே இந்தச் சீட்டுதான். அதில் தேதியும், நாம் சொன்ன குறையும் அப்படியே இருக்க வேண்டும். "பத்து நிமிஷம் பேசினால் சூடேறித் தானாக அணைகிறது" என்று எழுதச் சொல்லுங்கள். "செக் பண்ண வேண்டும்" என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திரும்ப வாங்கும்போதும் என்ன செய்தார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

ஒரே குறைக்காக மூன்று முறை கொடுத்ததற்கு மூன்று சீட்டு இருந்தால், "பொருளில் குறை இல்லை" என்று கம்பெனி வாதாடுவது கஷ்டம். எங்கள் மல்லிகைக்காரரிடம் கடைசியில் மிஞ்சியது ஒரே சீட்டு. மற்ற இரண்டும் சட்டைப் பையில் நனைந்து கிழிந்துபோயின.

கடையில், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுவார்கள். பயப்படாதீர்கள். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அச்சடித்த ஒரு வரி சட்டத்தை மாற்றிவிடாது. கடைக்காரர், "எனக்குச் சம்பந்தமில்லை, கம்பெனியைக் கேளு" என்று ஒதுங்கவும் முடியாது. விற்கும் பொருள் தரமானதாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்திலிருந்தே விற்பவர் தலையில் இருக்கிறது.

இணையத்தில் ஆர்டர் போட்டு வாங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி அந்த நிறுவனத்தில் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

கடிதம் எழுதுங்கள்

நம்மவர்களிடம் ஒரு பழக்கம். கடைக்குப் போய்ச் சத்தம் போடுவோம். பேப்பரில் எழுத மாட்டோம். சத்தம் காற்றோடு போய்விடும். எழுத்துதான் நிற்கும். வாய்ப்பேச்சில் காரியம் ஆகவில்லை என்று தெரிந்ததும் கடைக்கும் கம்பெனிக்கும் ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நகலையும் தபால் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இங்கிலீஷ் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, இந்தத் தேதியில், இந்தப் பில் எண்ணில், 15,000 ரூபாய்க்கு உங்கள் கடையில் செல்போன் வாங்கினேன். அதன் ஐ.எம்.இ.ஐ. எண் இது. 3,000 ரூபாய் ரொக்கமாகவும், மீதி கடன் நிறுவனத்தின் மூலமாகவும் செலுத்தப்பட்டது. வாங்கிய இரண்டாம் மாதத்திலிருந்து போன் சூடேறித் தானாக அணைகிறது. இன்னின்ன தேதிகளில் சர்வீஸ் சென்டரில் கொடுத்தும் குறை தீரவில்லை. வேலைச் சீட்டுகளின் நகலை இணைத்திருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வேறு புதிய போன் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன்."

கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். தேதி, எண், குறை, கோரிக்கை, கெடு. இந்த ஐந்தும் இருந்தால் அது நல்ல கடிதம். கடன் நிறுவனத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். "தவணையை ஒழுங்காகக் கட்டி வருகிறேன், போன் குறித்துத் தகராறு இருக்கிறது" என்று அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

1915-க்கு ஒரு போன்

கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்துகொண்டு எண் கொடுத்து, கம்பெனிக்கு அனுப்பி வைப்பார்கள். இது கோர்ட்டு இல்லை. கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் பல புகார்கள் இந்தப் படியிலேயே முடிந்துவிடுகின்றன. கூப்பிடுவதற்கு முன் பில், ஐ.எம்.இ.ஐ. எண், வேலைச் சீட்டு எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுதான போனிலிருந்து கூப்பிடாதீர்கள், பாதியில் அணைந்துவிடும்!

மாவட்ட ஆணையம்

அதிலும் தீரவில்லையா? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். "15,000 ரூபாய்க்குப் போய் கோர்ட்டா? வக்கீலுக்கே அவ்வளவு ஆகுமே" என்பீர்கள். கேளுங்கள்.

பொருளுக்காகக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்களே நின்று பேசலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் இல்லாத இந்த வசதியை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருக்கிறது. மத்திய அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனுப் போடலாம். காணொலி மூலம் விசாரிக்கும்படியும் கேட்கலாம்.

மனுவில் கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் "விட்டவர்தான் பொறுப்பு" என்பார். நோட்டீஸ் கிடைத்தவர்கள் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் தரலாம். வழக்கை 3 மாதத்திலும், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகவும் ஆவதுண்டு, பொறுமை வேண்டும்.

குறை உண்மை என்று கண்டால், பழுதை நீக்கவோ, மாற்றுப் போன் தரவோ, பணத்தை வட்டியோடு திருப்பவோ, அலைச்சலுக்கு நஷ்டஈடு தரவோ ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 வருஷம் வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

ஒரே ஒரு கெடு. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போனால், பருவம் தப்பிய விதைப்பு மாதிரிதான்.

கடன் கணக்கை மறவாதீர்கள்

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது தவணை தேதியில் கணக்கில் பணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடன் நிறுவனம் ஒரு அபராதம் போடும். உங்கள் வங்கியும் ஒரு கட்டணம் பிடிக்கலாம். தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு பணமில்லாமல் திரும்பினால், செக் திரும்பியது போலவே வழக்குப் போட 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் கொடுக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு கடன் அறிக்கையில் விழும் கரும்புள்ளி. 1,500 ரூபாய்த் தவணை தவறியது நாளைக்கு டிராக்டர் கடனையோ மாட்டுக் கடனையோ தடுத்துவிடும். தவணையைச் சுமக்கவே முடியாத நிலை என்றால், நாமாக நிறுத்தாமல், ஆணையத்தில் மனுவோடு சேர்த்து இடைக்கால உத்தரவு கேளுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் ஆணையத்தின் முடிவு.

கடன் நிறுவனம் தப்பே செய்யாது என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் காப்பீட்டுக்குப் பணம் பிடிப்பது, சொன்னதைவிட அதிகம் வசூலிப்பது எல்லாம் உண்டு. அது அவர்களுடைய சேவைக் குறைபாடு. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. தவணை ஏற்கெனவே தவறியவர்களும் உரிமை இழந்துவிடவில்லை. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ, மாலை 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லியிருக்கிறது. அபராதத்தின் மேல் வட்டி போடவும் கூடாது.

கடையில் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கடன் கணக்கு அதனால் தானாக முடிந்துவிடாது. திருப்பித் தரும் பணம் எங்கே போகிறது, கடன் கணக்கு எப்போது முடிகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். கணக்கு முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்று கேட்டு வாங்குங்கள். மாற்றுப் போன் கொடுத்தால் அதன் புதிய ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பில்லில் எழுதி முத்திரை வாங்குங்கள். இல்லையேல் அடுத்த பழுதுக்கு, "இது எங்க போனே இல்லையே" என்பார்கள்.

அந்த விவசாயி என்ன ஆனார்?

அதைச் சொல்லாமல் முடித்தால் சரியாகாது. நானும் அவரும் உட்கார்ந்து முதலில் கடனைத் தீர்த்தோம். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால், ‘குறைத்து முடித்தது’ என்ற அர்த்தத்தில் கடன் அறிக்கையில் பதிந்துவிடுவார்கள். அதுவும் ஒரு குறைதான். ஆகவே முழுப் பாக்கியும் கட்டி, சான்று வாங்கினோம். பிறகு மிஞ்சியிருந்த ஒரே வேலைச் சீட்டை வைத்துக் கடிதம் எழுதினோம். 1915-இல் பதிந்தோம். வாரண்டிக் காலத்திலேயே குறை சொல்லப்பட்டது என்பதற்கு அந்த ஒரு சீட்டு சாட்சி சொன்னது. கம்பெனி உள்ளே இருந்த பலகையைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தது. பணம் திரும்ப வரவில்லை. மூன்று சீட்டும் இருந்திருந்தால் வாங்கியிருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. போன் ஓடுகிறது. மாட்டுக் கடன் கிடைக்க மட்டும் இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷத்துப் பால் காசு என் யோசனையால் போனது. அவர் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் நான் மைக் முன்னால் வந்து சொல்கிறேன்.

ஆகவே, விவசாயப் பெருமக்களே, வீட்டில் நிலப்பட்டா வைத்திருக்கும் பெட்டியில் ஒரு உறை போடுங்கள். அதில் போன் பில், வாரண்டி அட்டை, கடன் பத்திரம், வேலைச் சீட்டு நான்கையும் வையுங்கள். பழுது வந்தால் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். தவணையை நிறுத்தாதீர்கள். 2 வருஷக் கெடுவை மறக்காதீர்கள். இந்த முறை செல்போனுக்கு மட்டும் இல்லை. தவணையில் வாங்கிய மோட்டார் பம்பு செட்டுக்கும், மருந்து தெளிப்பானுக்கும், மின்சார ஸ்கூட்டருக்கும் இதேதான் வழி.

அடுத்த பேச்சில் வழக்கம்போல வயலுக்குத் திரும்புவோம்.